ஆள் ஏறி ஓட்டும் ராட்சத எந்திரம்: மண்டபம் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் விசைப்படகுகளுக்கு வெல்டிங், ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கருவிகள்) வேலை செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. இரண்டு ஆண்டாக, படகு வேலை இல்லாத நாட்களில், உள்ளே ஆள் உட்கார்ந்து ஓட்டும் இரட்டைக் கை எந்திரம் ஒன்றைக் கட்டி வருகிறோம். ஒரு கை முடிந்துவிட்டது. இன்னொரு கையும் அடிச்சட்டமும் பாதியில் நிற்கின்றன. வழியில் போகிறவர்கள், மீனவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று தினம் யாராவது வந்து கேட்பதால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

இது ரோபோவா, ஜேசிபியா?

இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஜேசிபியில் ஒரு லீவரைத் தள்ளினால் ஒரு மூட்டு அசையும். பூம் என்ற நீண்ட கையைத் தூக்க ஒன்று, பக்கெட்டை மடக்க ஒன்று என்று ஆபரேட்டர் எல்லா அசைவுகளையும் மனதுக்குள் கோத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார். அந்தப் பழக்கம் கைக்கு வர ஆண்டுகள் ஆகும். நாங்கள் கட்டுவதில் லீவர் இல்லை. ஓட்டுபவர் தன் கையை மெல்லிய அலுமினியச் சட்டம் ஒன்றுக்குள் நுழைத்துக்கொள்வார். அவர் முழங்கையை மடக்கினால் எந்திரத்தின் முழங்கை மடங்கும், மணிக்கட்டைத் திருப்பினால் அதன் மணிக்கட்டும் திரும்பும். எந்திரம் தானாக எதையும் முடிவு செய்யாது. அந்த வகையில் பார்த்தால் இது ரோபோவே இல்லை, ஓட்டுபவரின் கை நீண்டு பெரிதானது என்றுதான் சொல்ல வேண்டும். தெருப் பிள்ளைகள் இதற்கு "ராட்சதன்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம்.

வேறு யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறார்களா?

நிறையப் பேர். அவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்று படித்ததில்தான் எங்களுக்குப் பாதி வேலை மிச்சமானது.

1960-களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ரால்ஃப் மோஷர் என்ற பொறியாளர் இரண்டு எந்திரங்களில் உழைத்தார். ஒன்று ஹார்டிமேன். மனிதன் உடைபோல அணிந்துகொள்ளும் இரும்புச் சட்டம். அதன் எடை சுமார் 680 கிலோ, அதே அளவு பாரத்தைத் தூக்க வேண்டும் என்பது இலக்கு. 1971 வரை முயன்றும் ஒரு கையை மட்டும்தான் ஒழுங்காக இயக்க முடிந்தது. அந்தக் கை சுமார் 340 கிலோ தூக்கியது. முழு உடம்பையும் இயக்கிப் பார்த்தபோது எந்திரம் கட்டுக்கடங்காமல் உதறியதால் உள்ளே ஆளை வைத்து அதை ஓட்டவே இல்லை. இன்னொன்று 1968-இல் வந்த நான்கு கால் நடை வண்டி. ஓட்டுபவரின் இரு கைகள் முன்னங்கால்களையும், இரு பாதங்கள் பின்னங்கால்களையும் இயக்கின. வண்டி உண்மையிலேயே நடந்தது. ஆனால் நான்கு கால்களையும் ஒரே மனிதன் ஒவ்வோர் அடிக்கும் யோசித்து வைக்க வேண்டியிருந்ததால், கால் மணி நேரத்தில் ஓட்டுபவர் களைத்துப்போனார். இந்த இரண்டிலிருந்தும் ஒன்று புரிகிறது. கைக்கு மனிதனின் கவனம் தேவை. காலுக்கும் அவன் கவனத்தையே கேட்டால் அவனால் தாங்க முடியாது.

அப்புறம் ஜப்பான். 2004-இல் தெம்ஸுக் நிறுவனம் நிலநடுக்க மீட்பு வேலைக்காக என்ரியூ என்ற ஐந்து டன் எந்திரத்தைச் செய்தது. சுமார் மூன்றரை மீட்டர் உயரம், இரண்டு பெரிய கைகள். 2012-இல் சுய்தோபாஷி நிறுவனத்தின் குராதாஸ் வந்தது. அது நான்கு மீட்டர் உயரம், காலின் நுனியில் சக்கரம். 2023-இல் சுபாமே நிறுவனத்தின் ஆர்காக்ஸ், நாலரை மீட்டர், மூன்றரை டன், விலை 40 கோடி யென். தென்கொரியாவில் ஹான்குக் மிரே நிறுவனம் 2016-இல் இரண்டு காலில் நிற்கும் மெத்தட்-2 என்ற எந்திரத்தைக் காட்டியது. அதன் ஒவ்வொரு கையும் 130 கிலோ. குராதாஸும் ஆர்காக்ஸும் பார்க்க அற்புதமானவை, அவற்றைக் கட்டியவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவை எந்தத் தொழிலையும் மனதில் வைத்துப் பிறந்தவை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மேற்கு ஜப்பான் ரயில்வே 2024 ஜூலையில் வேலைக்கு இறக்கிய எந்திரம். ஒரு லாரி, அதன்மேல் நீளும் கிரேன், கிரேன் நுனியில் ஒரு தலையும் இரண்டு கைகளும். ஆபரேட்டர் லாரியில் உட்கார்ந்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ரோபோவின் கண்ணால் பார்த்து வேலை செய்கிறார். 12 மீட்டர் உயரம் வரை எட்டும், 40 கிலோ வரை தூக்கும். தண்டவாளத்துக்கு மேலே வரும் மரக்கிளையை வெட்டுவது, மின்கம்பி தாங்கும் இரும்புச் சட்டத்துக்குப் பெயின்ட் அடிப்பது என்று அன்றாட வேலைகளைச் செய்கிறது. அதற்குக் கால் கிடையாது. யாரும் அதைக் குறையாக நினைக்கவும் இல்லை.

ஏன் மனிதனைப் போல இரண்டு கால் வைக்கவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பிள்ளைகளின் முகம் வாடுவதைப் பார்க்கிறேன். ஆனாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

1.7 மீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஒரு மனிதரை எல்லாப் பக்கமும் நான்கு மடங்கு பெரிதாக்குங்கள். உயரம் 6.8 மீட்டர். பாதத்தின் பரப்பு 16 மடங்கு ஆகும். எடையோ 64 மடங்கு, அதாவது ஏறத்தாழ நாலரை டன். ஆக, பாதத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் நான்கு மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். கலிலியோ 1638-இலேயே எழுதிவைத்த விஷயம் இது. அதுவும் சதையின் எடைக்கான கணக்கு, இரும்பில் செய்தால் இன்னும் கூடும். தனுஷ்கோடி மணலில் வெறுங்காலோடு நடக்கும் நமக்கே கணுக்கால் வரை புதைகிறது. பாக் நீரிணைப் பக்கச் சேற்றைக் கேட்கவே வேண்டாம். நடக்கும்போது முழு எடையும் ஒற்றைக் காலில் இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விழுந்தால் என்ன ஆகும் என்பது அடுத்தது. நான்கு மீட்டர் உயரமுள்ள ஒன்று அடியோடு சாய்ந்தால், மூன்று மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருப்பவர் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுவார். மனிதன் தடுமாறினால் கையை ஊன்றுவான். மூன்று டன் எந்திரம் கையை ஊன்றினால் கை முறியும்.

காலே கூடாது என்று சொல்லவில்லை. சுவிட்சர்லாந்தின் மென்சி மக் நிறுவனம் 1966-லிருந்து மலைச்சரிவில் வேலை செய்யும் சிலந்தி போன்ற தோண்டும் எந்திரங்களைச் செய்கிறது. நான்கு கால்களையும் தனித்தனியாக உயர்த்தலாம், தாழ்த்தலாம், அகட்டலாம். கால் நுனியில் சக்கரம் உண்டு. நல்ல தரையில் உருளும், மோசமான இடத்தில் அகலமாகக் காலைப் பரப்பி நின்றுகொள்ளும். எங்கள் அடிச்சட்டம் அந்த வழியில்தான் போகிறது.

அகட்டி நிற்பதால் அவ்வளவு வித்தியாசமா?

நீங்களே போட்டுப் பாருங்கள். எந்திரம் 4 டன். நடுவிலிருந்து சக்கரம் வரை 0.8 மீட்டர். இரண்டு கையும் சேர்ந்து 500 கிலோ எஞ்சினை நடுவிலிருந்து 3 மீட்டர் தள்ளிப் பிடிக்கின்றன. சக்கரத்திலிருந்து பார்த்தால் எஞ்சின் 2.2 மீட்டர் வெளியே தொங்குகிறது. கவிழ்க்கும் பக்கம் 0.5 × 2.2, அதாவது 1.1. தாங்கும் பக்கம் 4 × 0.8, அதாவது 3.2. கிட்டத்தட்ட மூன்று மடங்கு தெம்பு இருப்பதுபோலத் தெரியும். இப்போது ஒரு பக்கச் சக்கரம் மணலில் இறங்கி எந்திரம் 15 டிகிரி சாய்கிறது என்று வையுங்கள். எந்திரத்தின் எடை மையம் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அது 0.4 மீட்டர் வெளியே நகர்ந்துவிடும். தாங்கும் பக்கம் 1.6 ஆகப் பாதியாகும். எஞ்சினும் வெளியே நகர்வதால் கவிழ்க்கும் பக்கம் 1.4-ஐத் தொடும். கவிழ ஒரு குலுக்கல் போதும். அதே எந்திரம் காலை ஒன்றரை மீட்டருக்கு அகட்டி நின்றால், அதே சாய்விலும் தாங்கும் பக்கம் 4.4, கவிழ்க்கும் பக்கம் 1.0 சொச்சம். கரையில் வேலை செய்யும் எந்திரத்தின் உயிர் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இந்தக் கடற்கரையில் இதற்கு என்ன வேலை இருக்கிறது?

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறும். மராமத்து எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் முடிய வேண்டும். எஞ்சினை வெளியே எடுப்பது, எஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் சாஃப்ட் என்ற தண்டைக் கழற்றுவது, புரொப்பெல்லர் மாற்றுவது, அடிப்பலகை மாற்றுவது. எஞ்சின் அரை டன்னுக்கு மேல் இருக்கும். கட்டைகளை முக்காலியாக நிறுத்தி, சங்கிலி இழுத்துத் தூக்கும் செயின் பிளாக் தொங்கவிட்டு, ஆறேழு பேர் சேர்ந்து தூக்குவோம். தூக்குவதில் ஆபத்து குறைவு. திரும்ப இறக்கும்போதுதான் எல்லாம். எஞ்சினின் நான்கு கால்களும் போல்ட் துளைகளுக்கு நேராக உட்கார வேண்டும், சாஃப்ட்டின் முகமும் கியர் பெட்டியின் முகமும் மயிரிழை தவறாமல் பொருந்த வேண்டும். யாராவது ஒருவர் எஞ்சினுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், விடு, விடு, நிறுத்து" என்று சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் சித்தப்பா அப்படிக் கை விட்டிருந்தபோது சங்கிலி ஒரு கண்ணி நழுவியது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எஞ்சினைத் தூக்கிக்கொண்டே தடவியும் பார்க்கத் தெரிந்த ஒரு கை வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது. கிரேன் தூக்கும், அதற்குத் தடவத் தெரியாது. மற்ற எல்லா வேலையும் எங்களுக்கு இதற்கு அப்புறம்தான்.

சீமைக் கருவேலம் பிடுங்குவது இரண்டாவது. இந்த மாவட்டத்தில் கண்மாய்க்கரை முதல் கடற்கரை வரை அதுதான் நிற்கிறது. வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு போனால்தான் போகும். ஜேசிபி பிடுங்கிவிடும், ஆனால் சுற்றியுள்ள மண்ணையும் பனங்கன்றையும் சேர்த்துக் கிளறிவிட்டுப் போகும். ஒரு கை தூரைப் பிடித்து இழுக்க, மறு கை பக்கவேரை அறுக்க முடிந்தால் குழி சின்னதாக இருக்கும். முள்ளுக்கு நடுவில் ஆள் இறங்கவும் வேண்டாம்.

மூன்றாவது, பாலங்களின் இரும்பு வேலை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் ஒவ்வோர் இரும்பும் உப்புக் காற்றில் நின்றது. அதைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துக் காப்பாற்றியவர்கள் கயிற்றிலும் சாரத்திலும் தொங்கியவர்கள். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, முழுக்க வெல்டிங் செய்த இணைப்பு, பாலிசிலாக்ஸேன் பூச்சு என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். இருந்தாலும் அதன் 72.5 மீட்டர் தூக்குப் பகுதிக்கும் பராமரிப்பு இல்லாமல் போகாது. ஜப்பான் ரயில்வே செய்தது போன்ற எந்திரம் அங்கே ஓடுவதை நான் பார்க்க ஆசைப்படுகிறேன். எங்கள் பட்டறை எந்திரம் அந்த வேலைக்குப் போகாது, அது நாலு பேர் செய்யும் காரியம் இல்லை.

உப்பளத்துக்கு வருமா என்று வாலிநோக்கம் பக்கத்திலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள். வராது. பாத்தியின் அடித்தரையை மிதித்து மிதித்து இறுக்கி வைத்திருக்கிறார்கள். 4 டன் ஏறினால் ஒரே நாளில் பாழாகும். அங்கே இலேசான வேறு கருவி வேண்டும். பனை ஏறவும் வராது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்வாழ் தேசியப் பூங்கா, அங்கே எந்த எந்திரமும் போகக் கூடாது.

ஆள் ஏன் உள்ளே உட்கார வேண்டும்? ரிமோட்டில் ஓட்டலாமே?

நியாயமான கேள்வி. ஆளே வேண்டாத வேலைகள் உண்டு. கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் பலகைகளைத் துடைக்க ரோபோக்களைத்தான் வைத்தார்கள். ஒரே மாதிரிப் பலகை, ஒரே மாதிரி அசைவு. அதற்கு மனிதன் கூடவே உட்காருவதில் பொருள் இல்லை.

படகு அப்படியா? ஒரு படகு போல இன்னொன்று இருக்காது. ஒரே தச்சர் கட்டிய இரண்டு படகிலும் எஞ்சின் உட்காரும் பெட் அரை அங்குலம் மாறும். போன வருஷம் யார் எந்த போல்ட்டை வளைத்து மாட்டினார் என்று எந்திரத்துக்கு எப்படித் தெரியும்? பார்த்து, கேட்டு, இரும்பு முனகும் சத்தத்தை வைத்து நிறுத்தும் வேலை இது. காமிராவில் பார்த்தால் ஆழம் சரியாகத் தெரிவதில்லை. உடம்பில் சாய்வு உறைப்பதும் இல்லை. எந்திரம் அரை டிகிரி சாய்ந்தால் உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்கு உடனே தெரியும், திரையைப் பார்ப்பவருக்குத் தாமதமாகத்தான் தெரியும்.

விஷவாயு, இடிபாடு, வெடிபொருள் உள்ள இடத்துக்கு மட்டும் கண்டிப்பாக ரிமோட்தான். எங்கள் எந்திரத்திலும் கைச்சட்டத்தைக் கழற்றி 20 மீட்டர் வயரில் வெளியே வைத்து ஓட்ட ஏற்பாடு செய்கிறோம். முழுதாகத் தயாராகும் வரை எல்லாச் சோதனையும் அப்படித்தான்.

கை எப்படிச் சொன்னபடி கேட்கிறது?

இதைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் இரவு முழுக்கப் பேசுவேன்.

யோசனை பழையது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் என்பவர் 1940-களின் கடைசியில், கதிரியக்கப் பொருளைச் சுவருக்கு அப்பாலிருந்து கையாள இரட்டைக் கைகள் செய்தார். இந்தப் பக்கம் நீங்கள் பிடிக்கும் கை, அந்தப் பக்கம் வேலை செய்யும் கை. முதலில் கம்பியும் கப்பியும் இணைத்தன, பிறகு 1954-இல் மோட்டார்கள். அதில் அருமை என்னவென்றால், அந்தப் பக்கக் கை எதிலாவது முட்டினால் இந்தப் பக்கம் உங்கள் கைக்கு அந்த எதிர்ப்பு தெரியும்.

எங்கள் கையில் தோளில் மூன்று, முழங்கையில் ஒன்று, மணிக்கட்டில் இரண்டு என ஆறு மூட்டுகள், அதற்குமேல் பிடி. ஓட்டுபவரின் சட்டத்திலும் அதே ஆறு மூட்டு. ஒவ்வொரு மூட்டிலும் கோணம் அளக்கும் சென்சார். இரண்டு கோணங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணினிப் பலகை நொடிக்கு ஆயிரம் முறை பார்த்து, அந்த அளவுக்கு வால்வைத் திறக்கும். திரும்பி வரும் உணர்வு சிலிண்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசத்திலிருந்து வருகிறது. சட்டத்தில் உள்ள சின்ன மோட்டார் அதற்கேற்ப உங்கள் கையை எதிர்த்துத் தள்ளும்.

தோள் சிலிண்டருக்கு எவ்வளவு பலம் வேண்டும்? 3 மீட்டர் தொலைவில் 250 கிலோ, கையின் சொந்த எடை 200 கிலோ சுமார் 1.3 மீட்டரில். கிலோவை மீட்டரால் பெருக்கிக் கூட்டினால், திருப்புவிசை மொத்தம் ஏறத்தாழ 1000. சிலிண்டர் பிடிக்கும் நெம்பு தூரம் 20 சென்டிமீட்டர் என்றால் 5 டன் தள்ள வேண்டும். 63 மில்லிமீட்டர் உள்விட்டச் சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் 6 டன்னுக்கு மேல் தரும். சரியாகப் போதும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. முதல் சோதனையில் வால்வுகளை எல்லாம் கீழே பம்ப் பக்கத்தில் வைத்து நீண்ட ஓஸ் போட்டிருந்தோம். கை மெதுவாக நகரும்வரை நன்றாக இருந்தது. மரக்கட்டையில் முட்டியதும் நடுங்கத் தொடங்கியது, நடுக்கம் பெரிதாகிக் கட்டையை இரண்டாக அடித்தது. ஓஸ் பிதுங்கும், எண்ணெய் வந்து சேர நேரமாகும், அந்தத் தாமதத்தில் கணினி மேலும் மேலும் திருத்தப் பார்க்கும். மூன்று மாதம் மென்பொருளில் தேடினோம். கடைசியில் வால்வுகளை மூட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்து, அங்கிருந்து இரும்புக் குழாய் போட்டதும் நடுக்கம் அடங்கியது.

உணர்வை எத்தனை பங்கு குறைத்துத் தருவது என்பதில் இன்னும் முடிவுக்கு வரவில்லை. நூறில் ஒரு பங்கு என்றால் 250 கிலோ தூக்கும்போது கையில் இரண்டரைக் கிலோ தெரியும், நாள் முழுக்கத் தாங்கலாம். ஆனால் 20 கிலோவுக்கு எஞ்சின் ஓரம் உரசினால் 200 கிராம்தான் தெரியும், வேலை மும்முரத்தில் கவனம் தப்பும். இப்போது செய்து பார்ப்பது, நிலையாகத் தொங்கும் பாரத்தை மறைத்துவிட்டு, திடீரென்று மாறும் விசையை மட்டும் பெரிதாக்கித் தருவது. சித்தப்பாவை உட்கார வைத்துப் பார்த்தோம். மூன்று விரலுள்ள கையோடு போல்ட்டைத் துளையில் இறக்கிவிட்டு, "தட்டுச்சுடா" என்றார். துளையின் விளிம்பு அவர் கையில் தட்டியிருக்கிறது.

உப்புக் காற்று எந்திரத்தைத் தின்றுவிடாதா?

தின்னும். உலகிலேயே இரும்பு மிக வேகமாக அரிக்கும் இடங்களில் பாம்பன் பகுதியும் ஒன்று என்பார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் முகாமில் அரிமான ஆய்வு நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை. உலோகத் துண்டுகளைக் காற்றிலும் கடலிலும் வைத்துப் பார்க்க இதைவிடக் கடுமையான இடம் கிடைப்பது அரிது.

முதலில் சாவது சிலிண்டர் தண்டு. அதன்மேல் உள்ள குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். உப்பு அதற்குள் புகுந்து அடியில் உள்ள இரும்பை அரிக்கும், குரோம் பொரிந்து முள்ளாக நிற்கும். அடுத்த முறை தண்டு உள்ளே போகும்போது அந்த முள் ஆயில் சீலைக் கிழிக்கும். படகு வின்ச்சுகளில் இதை நூறு முறை பார்த்திருக்கிறேன். தண்டை நீட்டிய நிலையில் இரவு நிறுத்தக் கூடாது, எல்லாச் சிலிண்டரும் உள்ளே போன நிலையில் தோல் உறை போட்டுத்தான் நிறுத்த வேண்டும். எங்கள் கையின் ஓய்வு நிலையே அப்படித்தான், தொழுவது போல மடங்கி நிற்கும். அழகுக்காக என்று நினைக்கிறார்கள்.

இரண்டாவது, ஓஸ் முனையில் அழுத்திப் பிடித்த இரும்புக் குப்பி. வெளியே ரப்பர் நன்றாக இருக்கும், குப்பிக்குள் கம்பிப் பின்னல் துருப்பிடித்திருக்கும். கிரீஸ் பூசி மெழுகுத் துணி சுற்றுகிறோம், ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்காமலே மாற்றுகிறோம். மூன்றாவது மின் இணைப்புகள். சென்சார் பிளக் ஒன்றில் பச்சை பூத்தால் கை பைத்தியம் பிடித்தது போல ஆடும். அதனால் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு சென்சார் வைத்து, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நின்றுவிடும்படி செய்திருக்கிறோம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இந்த ஊரில் நல்ல தண்ணீருக்கு என்ன அருமை என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு குடம் எந்திரத்துக்குப் போனால் ஒரு குடம் வீட்டுக்குக் குறைகிறது. மழைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று தனியாகக் கட்டியிருக்கிறோம்.

டீசலா, பேட்டரியா?

இப்போதைக்கு டீசல். ஒரு லிட்டர் டீசலிலிருந்து எஞ்சின் வழியாக மூன்று யூனிட்டுக்கு மேல் வேலை கிடைக்கும். அதே அளவு பேட்டரியில் வேண்டுமென்றால் சுமார் இருபது கிலோ சுமக்க வேண்டும். படகுத் துறையில் கரண்ட் இழுத்து வேலை செய்ய முடிகிற இடத்தில் மோட்டார் வைப்போம்.

எவ்வளவு செலவாகும்?

ஆர்காக்ஸின் 40 கோடி யென் நம் கணக்கில் 20 கோடி ரூபாயைத் தாண்டும். புது ஜேசிபி 30-லிருந்து 40 லட்சத்துக்குள் வந்துவிடும். இந்த இரண்டாவது எண்தான் எங்களுக்கு எல்லை. ஒரு துறைக்கு ஒன்று என்று படகுக்காரர்கள் சேர்ந்து வாங்க முடியாத விலை வந்தால் நாங்கள் தோற்றதாக அர்த்தம். பம்பும் சிலிண்டரும் பழைய ஹிட்டாச்சிகளிலிருந்து எடுத்துப் புதுப்பித்தவை. நல்ல வால்வில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்க முடியவில்லை.

பாதுகாப்புக்கு என்ன செய்திருக்கிறீர்கள்?

கைச்சட்டத்தில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால்தான் எதுவும் அசையும், விட்டால் அங்கேயே உறையும். ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் ஒரு பூட்டு வால்வு. ஓஸ் வெடித்தாலும் பாரம் கீழே விழாது. காற்று அளக்கும் கருவியும் உண்டு. பழைய பாம்பன் பாலத்தில் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தினார்கள், நாங்கள் அதில் பாதியிலேயே நிறுத்துகிறோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியத்துக்கு மேல் தூக்கு வேலை கிடையாது.

உதவிக்கு வரும் பையன்களிடம் நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வது ஒன்று உண்டு. எண்ணெய் கசிவதைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். 200 பாரில் ஊசித் துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசு கடித்த அளவுதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். உடனே அறுவை சிகிச்சை இல்லையென்றால் விரலோ கையோ போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். பட்டுவிட்டால் வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் "உயரழுத்த எண்ணெய் உள்ளே போயிருக்கிறது" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.

தூக்கும் எந்திரம் எதுவானாலும் 12 மாதத்துக்கு ஒருமுறை தகுதி பெற்றவரிடம் முழுச் சோதனை செய்வது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் கொண்டுவந்த நல்ல வழக்கம். கொக்கி, சங்கிலி, பிடி எல்லாவற்றுக்கும் நாங்கள் அதைக் கடைப்பிடிக்கிறோம்.

ஆறு பேர் வேலையை இது பறித்துவிடாதா?

எஞ்சின் தூக்குகிற அந்த ஆறு பேரிடமே கேட்டேன். தடைக்காலத்தில் படகுக்குப் போக முடியாமல் கரையில் இந்தக் கூலியை நம்பி இருப்பவர்கள் அவர்களில் நால்வர். "எங்க வயித்துல அடிக்காம செய்யுங்கண்ணே" என்றார் ஒருவர். அதை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த நால்வரில் இருவர் இப்போது கைச்சட்டத்தில் பயிற்சி எடுக்கிறார்கள். எந்திரம் கூட்டுறவுச் சொத்தாக இருந்து, தூக்குக் கூலி அதே குழுவுக்குள் பங்காக வேண்டும் என்பது என் கோரிக்கை. தனியார் ஒருவர் வாங்கி வாடகைக்கு விட்டால் அவர்கள் பயந்தது நடக்கத்தான் செய்யும். அதனால் முதல் எந்திரத்தை அப்படி விற்க மாட்டேன்.

நான் மாணவன். நானும் ஒன்று கட்ட வேண்டும். எங்கே தொடங்குவது?

முழு உருவத்தை வரையாதீர்கள். ஒரே ஒரு முழங்கை செய்யுங்கள். இரண்டு மரச்சட்டம், நடுவில் ஒரு கீல், ஒரு கார் வைப்பர் மோட்டார், கோணம் அளக்க ஒரு பொட்டென்ஷியோமீட்டர், சின்னக் கணினிப் பலகை. பக்கத்தில் அதே அளவில் கையால் அசைக்கும் இன்னொரு கீல். ஒன்று அசைந்தால் மற்றது அசைய வேண்டும். அது முடிந்ததும், வேலை செய்யும் முழங்கையை யாராவது பிடித்து நிறுத்தினால் உங்கள் கைக்கு அது தெரிய வேண்டும். இந்த இரண்டாவது படிக்கு ஒரு செமஸ்டர் போகும், போகட்டும்.

கூடவே ஒரு ஹைட்ராலிக் பட்டறையில் லீவு நாளில் போய் நில்லுங்கள். சீல் மாற்றப் பழகுங்கள், எண்ணெயில் மணல் சேர்ந்தால் வால்வு எப்படிச் சிக்குகிறது என்று கழற்றிப் பாருங்கள். இங்கே வருவதாக இருந்தால் தடைக்காலத்தில் காலை ஏழு மணிக்குள் வாருங்கள், படகு வேலை நடக்கும்போது பார்த்தால்தான் பயன். மூடிய ஷூ போட்டு வாருங்கள். உங்கள் முழங்கை அரைகுறையாக இருந்தாலும் கொண்டுவாருங்கள், எங்கள் மேசையில் மாட்டிப் பார்க்கலாம். ஒரு அரை அங்குல நட்டை அந்தக் கையால் போல்ட்டில் மரை பிசகாமல் ஏற்ற முடிகிறதா என்றுதான் முதலில் சோதிப்போம். எங்கள் கையே பத்துக்கு ஆறு முறைதான் இப்போது ஏற்றுகிறது.